குறைபாடு இல்லாத இளைஞர்கள் விறைப்பு மாத்திரை போடலாமா?

கேள்வி (புதிய உறுப்பினர்):
எனக்கு வயது 26. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ கிடையாது. விறைப்பிலும் இதுவரை குறை எதையும் உணர்ந்ததில்லை. என் அறை நண்பர்கள் இருவர் வாரக்கடைசியில் சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வேகமும் நேரமும் கூடும் என்றும், நோயில்லாத உடம்பை அது ஒன்றும் செய்யாது என்றும் அடித்துச் சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பதில் 1 (மருந்தாளுநர்):
நண்பரே, கிளர்ச்சி ஏற்படும்போது ஆண்குறியின் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்பட்டு, அதன் தூண்டுதலால் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருள் உருவாகி, ரத்த நாளத் தசைகளைத் தளர்த்துவதால்தான் ரத்தம் உள்ளே பாய்ந்து விறைப்பு உண்டாகிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் பிடிஇ5 நொதியைத் தடுப்பது மட்டுமே மாத்திரையின் வேலை. ஆசையை அது உண்டாக்காது. விந்து முந்துதலுக்கான மருந்தும் அதுவன்று. குறைபாடில்லாத இளைஞர்களுக்குச் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், விறைப்பு மேம்படவில்லை. உச்சத்துக்குப் பின் மறுபடி தயாராவதற்கான இடைவெளி மட்டுமே குறைந்தது. உங்கள் நண்பர்கள் ‘நேரம்’ என்று சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கூடவே தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, சிலருக்குப் பார்வையில் நீலச்சாயல் ஆகியவையும் வரும்.

பதில் 2 (மூத்த உறுப்பினர்):
ஆனாலும் இதை விஷம்போல் பேசுவதை நான் ஏற்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதிலிருந்து கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் மருந்து இது. நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியவர்களுக்கு இதே சில்டெனாஃபிலை 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கிறார்கள். 26 வயதுக்காரர் ஒருமுறை பாதி மாத்திரை போட்டதால் உயிருக்கு ஆபத்து வந்துவிடும் என்பது மிகை.

பதில் 3 (மருத்துவர்):
மூத்தவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் சொல்லும் நோயாளிகள், வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதை அறிந்த மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் இருப்பவர்கள். வாரக்கடைசிக் கொண்டாட்டத்தில் அப்படி யாரும் இருப்பதில்லை. அங்கே ‘பாப்பர்ஸ்’ என்ற பெயரில் முகரப்படும் அமைல் நைட்ரைட்டுடன் இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டெனச் சரிந்து உயிரே போகலாம். இணையத்தில் வாங்கிய மாத்திரை போலியாக இருக்கலாம்; ‘மூலிகை’ என்று விற்கப்படும் பொடிகளிலும் அறிவிக்கப்படாத சில்டெனாஃபில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

என்னிடம் வரும் இளைஞர்களிடம் அடிக்கடி காண்பது இவற்றைவிட எளிமையான சிக்கல்தான். முதலில் விளையாட்டாகத் தொடங்குகிறார்கள். நன்றாக நடந்ததற்கெல்லாம் மாத்திரையே காரணம் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. பிறகு பணப்பையில் மாத்திரை அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் துணையைச் சந்திக்கப் போக முடிவதில்லை. இல்லாத நாளில் பதற்றத்தாலேயே விறைப்பு தளர்கிறது. இல்லாத நோய்க்கு மருந்து தேடி உண்மையாகவே ஒரு நோயைச் சம்பாதித்துக்கொள்வது என்பது இதுதான். பரிசோதனையில் ரத்த ஓட்டம், ஹார்மோன் அளவு எல்லாம் சரியாகவே இருக்கும். அவர்களுக்குத் தேவைப்படுவது மருந்துச்சீட்டு அல்ல, மனநல ஆலோசனைதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. நான் போடப்போவதில்லை. ஆனால் நண்பர்கள் நிறுத்துவதாகத் தெரியவில்லை. அவர்களிடம் குறைந்தபட்சம் எதைச் சொல்லி வைக்கட்டும்?

பதில் 3 (மருத்துவர்):
விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டால் வெட்கப்படாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள்; தாமதித்தால் திசு நிரந்தரமாகக் கெட்டுவிடும். நெஞ்சுவலி வந்தால், மாத்திரை போட்டதையும் போட்ட நேரத்தையும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கு வழக்கமாகக் கொடுக்கும் நைட்ரேட்டை, சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும் அதே வகை மாத்திரையான தடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் கொடுக்கக் கூடாது. அவர்கள் சொல்லாவிட்டால் பணியில் இருக்கும் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.