ஜெர்மனி: வேலையோடு மாஸ்டர்ஸ், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடலாமா?

புதுவரவு: வணக்கம், ரொம்ப அவசரம். வந்து எட்டு மாசம் ஆச்சு. அக்டோபர்ல மாஸ்டர்ஸ் சேரணும். வாரம் 24 மணி நேரமா வேலையைக் குறைக்க ஆபீஸ்ல பேப்பர் குடுத்திருக்காங்க, வெள்ளிக்கிழமை கடைசி. கையெழுத்துப் போடலாமா? தூக்கமே வரல.

ரைன்கரை: மாஸ்டர்ஸ் இப்போ எதுக்கும்மா? மொத்தம் 120 கிரெடிட், ஒவ்வொண்ணுக்கும் 25-லிருந்து 30 மணி நேர உழைப்பு. செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தாலே வாரம் 14-லிருந்து 17 மணி நேரம் போகும், முடிக்க நாலு வருஷம். முதல்ல ஜெர்மன் மொழியில பி1 (நடுத்தர நிலை) பரீட்சை முடிங்க. ப்ளூ கார்டு (டிகிரி படிச்ச வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதி) வச்சிருக்கறவங்களுக்கு அது இருந்தா 21 மாசத்துல நிரந்தர அனுமதி, ஆரம்ப நிலை ஏ1 மட்டும்னா 27.

இட்லிமாவு: ரைன்கரை அண்ணா எல்லாத்துக்கும் பி1-ன்னே சொல்வார். தாராளமா சேருங்க. வருஷம் அஞ்சு நாள் சம்பளத்தோட படிப்பு விடுப்பு உண்டு.

ரைன்கரை: எல்லா மாநிலத்துலயும் இல்ல. பவேரியாவுல கிடையாது.

குளிர்காலம்: விடுப்பு கிடக்கட்டும், வீடு கிடைச்சுதா? ஷூஃபா (கடன் நம்பகத்தன்மைச் சான்று) குடு, மூணு மாச சம்பள ரசீது குடு, புதுசா வந்தவன் எங்க போவான்? ஆபீஸ், பேங்க், இன்சூரன்ஸ் எல்லாமே தபால்.

இட்லிமாவு: ஞாயித்துக்கிழமை கடையும் கிடையாது!

கணக்குப்புலி: புலம்பல் போதும். தங்கச்சி, நாலு விஷயம் சொல்லாம யாராலயும் பதில் சொல்ல முடியாது. என்ன விசா? முழுநேரச் சம்பளம் எவ்வளவு? எந்த ஊர்? கம்பெனில எத்தனை பேர்?

புதுவரவு: ஸாரி. ப்ளூ கார்டு, ஐடி. 40 மணி நேரத்துக்கு வருஷம் 64,000 யூரோ. பவேரியாவுல மியூனிக். 200 பேர் இருப்பாங்க. பி.ஈ. படிச்சிருக்கேன்.

கணக்குப்புலி: அப்போ போடாதீங்க. 24 மணி நேரம்னா சம்பளம் 38,400. ப்ளூ கார்டு வரம்பு 2025-ல பொதுவா 48,300, ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறை வேலைக்கு 43,759.80 யூரோவா இருந்துச்சு. பார்ட் டைம்னு அந்த வரம்பு குறையாது, ஒவ்வொரு ஜனவரியும் மாறும், பெரும்பாலும் ஏறும், இப்போ எவ்வளவுன்னு பாத்துக்கோங்க. 28 மணி நேரம்னா 44,800, அடுத்த ஏற்றத்துலயே மாட்டும். 31 மணி நேரம்னா 49,600, ஐடி வரம்புக்கு மேல. உங்க கார்டு எந்த வரம்புல குடுத்ததுன்னு பாருங்க, குறைக்கிறதுக்கு முன்னாடி வெளிநாட்டவர் அலுவலகத்துல எழுத்துலயே கேளுங்க. படிக்கிறதுக்காகத் தனி விசா மாத்த வேண்டாம். மாணவர் அனுமதிக்கு மாறினா வருஷம் 140 முழு நாள்தான் வேலை, 21 மாசக் கணக்கும் நின்னுபோகும்.

அந்தப் பேப்பர்ல "ப்ரூக்கன்டைல்ட்சைட்"னு (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பார்ட் டைம்) இருக்கா பாருங்க. சாதா பார்ட் டைம்னா முழுநேரத்துக்குத் திரும்பற உரிமை உங்களுக்கு இல்ல. ப்ரூக்கன் முறைல ஒண்ணுலிருந்து அஞ்சு வருஷம் குறைச்சுட்டு, முடிஞ்சதும் பழைய நேரத்துக்கே வரலாம். 45 பேருக்கு மேல இருக்கற கம்பெனி, ஆறு மாச சர்வீஸ், ரெண்டும் உங்களுக்கு இருக்கு. மூணு மாசம் முன்னாடி எழுதிக் கேக்கணும், அக்டோபர் 1-ன்னா ஜூன் முடியறதுக்குள்ள. வெள்ளிக்கிழமைங்கறது ஆபீஸ் வச்ச கெடு, சட்டத்துல இல்ல.

ரைன்கரை: செலவுக் கணக்கையும் சொல்லிடுங்க.

கணக்குப்புலி: முதல் டிகிரி முடிச்சாச்சு, அதனால மாஸ்டர்ஸ் ஃபீஸ், புத்தகம், போக்குவரத்து எல்லாம் வெர்புங்ஸ்கோஸ்டன் (வேலை சார்ந்த செலவு) கணக்குல வரிக்குக் கழிக்கலாம், பில் வச்சுக்கோங்க. கம்பெனி கட்டினா கழிக்க முடியாது, வேலையை விட்டா எவ்வளவு திருப்பிக் கட்டணும்ங்கற ஷரத்தையும் படிங்க. மாணவர்களுக்கான மருத்துவ இன்சூரன்ஸை எதிர்பார்க்காதீங்க, வாரம் 20 மணி நேரத்துக்கு மேல வேலை செஞ்சா நீங்க ஊழியர்தான்.

இட்லிமாவு: ஏபிஎஸ், அதான் இந்தியச் சான்றிதழ்களைச் சரிபாத்துக் குடுக்கற சான்று, அது வேணுமா?

கணக்குப்புலி: அதுதான் பலர் மாட்டுற இடம். வேலை விசால வந்தவங்ககிட்ட அது இருக்காது, ஆனா இந்திய டிகிரின்னா பல பல்கலைக்கழகங்கள் கேக்கும். கட்டணம் 18,000 ரூபாய், வாரக்கணக்கில் ஆகும். பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களைச் சரிபாக்கற யூனி-அசிஸ்ட் வழியா விண்ணப்பிச்சா முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30, அங்கயும் நாலுலிருந்து ஆறு வாரம். கடைசித் தேதி பல இடங்கள்ல ஜூலை 15. ஏபிஎஸ்ஸை இன்னிக்கே போடுங்க, எச்ஆருக்கு "31 மணி நேரம், ப்ரூக்கன்டைல்ட்சைட், ரெண்டு வருஷம்"னு மெயில் அனுப்புங்க. படிப்பு நீண்டா ரெண்டு வருஷத்தை நாலா மாத்திக் கேளுங்க, நடுவுல நீட்டிக்க உரிமை கிடையாது.

புதுவரவு: பேப்பரைப் பாத்தேன், வெறும் "டைல்ட்சைட்"னுதான் இருக்கு, சாதா பார்ட் டைம். மெயில் எழுதிட்டிருக்கேன்.