உறுதியாகாத வழு அறிக்கைகளை 60 நாளில் மூடிவிடலாமா?

கொரட்டூர்வாசி:
நம் தமிழ் எடிட்டரில் இன்ன கோளாறு (வழு) இருக்கிறது என்று பயனர்கள் எழுதிய அறிக்கைகளில் 140 இன்னும் 'உறுதியாகவில்லை', அதாவது வேறு யாரும் செய்து பார்த்து ஆமாம் என்று சொல்லவில்லை, என்ற நிலையிலேயே கிடக்கின்றன. பார்ப்பது நான்கு பேர், நான்கு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். சோழிங்கநல்லூரிலிருந்து நான் வீடு சேரும்போது மணி ஒன்பது. அதற்கு மேல் லேப்டாப்பைத் திறந்தால் "வேலை செய்யவில்லை, சரி செய்யவும்" என்று ஒற்றை வரி. எந்த வெர்ஷன், விண்டோஸா லினக்ஸா, எதை அழுத்தியபோது, ஒன்றும் இருக்காது. போன மாதம் ஒருவர், சேமிக்கும்போது கோப்பே காலியாகிவிடுகிறது என்று படிப்படியாக எழுதியிருந்தார். அது இந்தக் குவியலுக்கு அடியில் கிடந்து 19 நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது. அதற்குள் எத்தனை பேர் எழுதியது போனதோ. 60 நாள் வரை யாரும் உறுதிசெய்யாத அறிக்கையை போட் (bot, தானே இயங்கும் நிரல்) தானாக மூடட்டும். உபுண்டு லினக்ஸின் வழு அறிக்கைகள் வரும் லாஞ்ச்பேட் தளத்திலும் அப்படித்தானே.

பிழைதேடி:
அங்கே அப்படி இல்லை. லாஞ்ச்பேடில் 60 நாள் கணக்கு 'முழுமையற்றது' என்று குறித்த அறிக்கைக்கு மட்டும்தான். அதாவது ஒருவர் படித்து, கேள்வி கேட்டு, பதில் வராமல் போனது. யாரும் தொடாத 'புதியது' அப்படியே இருக்கும். லினக்ஸ் டெஸ்க்டாப் திட்டமான கேடிஇ-யில் 15 நாளில் நினைவூட்டல், இன்னும் 15 நாளில் மூடல். அதுவும் தகவல் கேட்ட பிறகுதான். அலுவலக மென்பொருளான லிப்ரெஆபிஸ் இன்னும் பொறுமை. தகவல் கேட்டு 6 மாதம் விட்டு, ஒருமுறை நினைவூட்டி, மேலும் ஒரு மாதம் பார்த்துவிட்டு மூடுகிறார்கள். இந்த மூன்று இடத்திலும் நாள் கணக்கு தொடங்குவது நாம் கேள்வி கேட்ட தேதியிலிருந்து. நீங்கள் அறிக்கை வந்த தேதியிலிருந்தே எண்ணுகிறீர்கள். நாம் படிக்காமல் விட்டதற்கு எழுதியவர் என்ன செய்வார்?

கொரட்டூர்வாசி:
சரி, லாஞ்ச்பேட் பற்றி நான் சொன்னது தவறு. ஆனால் கேள்வி கேட்கவும் ஆள் வேண்டுமே. அந்தத் திட்டங்களில் இருக்கும் கூட்டம் நமக்கு இல்லை. மூடினால்தான் என்ன, வேண்டுமென்றால் திரும்பத் திறக்கலாம்.

பாரிமுனை டிடிபி:
தம்பி, நான் புரோகிராம் எழுதுகிறவன் இல்லை. பாரிமுனையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 'திரும்பத் திறக்கலாம்' என்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன். ஒரு பத்திர நகலில் 'கொடுத்த' என்ற சொல்லைத் தேடினால் இல்லை என்று வந்தது. சொல் கண்ணெதிரே இருக்கிறது. உங்களுக்கு எழுதிப் போட்டேன். "என் கணினியில் சரியாக வேலை செய்கிறது" என்று பதில் எழுதி மூடிவிட்டார்கள். திறக்கும் பொத்தான் இருந்திருக்கலாம், நான் தேடவில்லை. பெரிய மனிதர்கள் பார்த்து இல்லை என்று சொன்ன பிறகு மறுபடி போய்க் கேட்க மனசு வரவில்லை. அப்புறம் ஒரு வருடம் கடைப் பையன்கள் பக்கம் பக்கமாகக் கண்ணால் தேடித்தான் திருத்தினார்கள்.

பிழைதேடி:
சார், மூடியவற்றைப் புரட்டியபோது உங்கள் அறிக்கையை எடுத்தது நான்தான். கோப்பை அனுப்பச் சொன்னேன், வந்ததும் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டும் எங்கள் யாருக்கும் அந்த வழு வரவே வராது. எங்கள் விசைப்பலகை 'ொ' என்பதை ஒரே குறியாகப் போடுகிறது. உங்கள் கோப்போ ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றியது. பாமினியில் கொம்பு, க, கால் மூன்றும் தனித்தனி. மாற்றித் தந்த மென்பொருள் கொம்பைக் க-வுக்குப் பின்னால் தள்ளியதே தவிர, காலோடு சேர்க்கவில்லை. ஒருங்குறி விதிப்படி இரண்டு வடிவமும் சமம், திரையில் பார்க்கவும் ஒன்றுதான். நம் தேடல் குறிக்குக் குறி ஒப்பிட்டதால் வேறு வேறு சொல் என்று விட்டுவிட்டது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சில வரிகள் சேர்த்தோம், கோ-வுக்கும் சேர்த்துத் தீர்ந்தது. கௌ-வின் கடைசிக் குறி பார்க்க ள போலவே இருக்கும்; அங்கே ள எழுத்தே நுழைந்திருந்தால் அது வேறு சிக்கல், இன்னும் தீரவில்லை.

நான்கு பேர் கணினியிலும் வரவில்லை என்று சொல்லி மூடினோம். நால்வரும் ஒரே மாதிரி தட்டுகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கு இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அடையாறு லினக்ஸ்:
நான் கொரட்டூர்வாசி பக்கம். கோப்பு கேட்டு, வாங்கி, பதில் எழுதி என்று ஒன்றுக்கே ஒரு மாலை போகிறது. 140 மாலைக்கு எங்கே போவது? முன்பு வேறு ஒரு திட்டத்தில் இரண்டு வருடம் இதைச் செய்தேன். "பதில் சொல்ல மூன்று வாரமா" என்று திட்டு வாங்கி வாங்கி, கடைசியில் புரோகிராம் எழுதுவதையே விட்டுவிட்டேன். திரும்பி வர நாலு வருடம் ஆனது. எழுதுகிறவர் மேல் இருக்கும் அக்கறை பார்க்கிறவர் மேலும் வேண்டும்.

பிழைதேடி:
அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அறிக்கைகளைப் பார்க்கப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. லிப்ரெஆபிஸில் அறிக்கை எழுதியவர் அல்லாத இன்னொருவர் செய்து பார்த்துத்தான் உறுதிசெய்வார். அவர் சாதாரணப் பயனராகவும் இருக்கலாம். நம் படிவத்தையும் மாற்ற வேண்டும். வெர்ஷனை எடிட்டரே நிரப்பட்டும். கோப்பு எங்கிருந்து வந்தது, எந்தக் கீபோர்டு, இந்த இரண்டும் கட்டாயம். எழுதியது அழிந்துபோனதா என்று ஒரு கட்டம் வைத்து, டிக் போட்டால் அந்த அறிக்கை முதலில் வரட்டும். 19 நாள் கதை மறுபடி நடக்காது.

பாரிமுனை டிடிபி:
கோப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் முதல் நாளே பாமினி என்று சொல்லியிருப்பேன். கீபோர்டின் பெயர் மட்டும் எங்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. டைப்ரைட்டர் முறை, ஆங்கில எழுத்தில் தட்டுவது என்று பட்டியலாகக் கொடுங்கள், தொட்டுக் காட்டிவிடுவோம்.

கொரட்டூர்வாசி:
பட்டியல் சேர்க்கிறேன் சார். போட்டையும் மாற்றுகிறேன், கேள்வி கேட்ட பிறகே 60 நாள். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் பழையவற்றை மூட வேண்டும் என்றே இன்னும் நினைக்கிறேன். அந்த வெர்ஷன்களை இப்போது யாரும் நிறுவுவதே இல்லை. அப்படி 31 இருக்கின்றன. பிழைதேடி, ஞாயிற்றுக்கிழமை பாதி நீங்கள் எடுத்தால் பாதி நான் பார்க்கிறேன்.

பிழைதேடி:
எனக்கு 16. 'எழுத்து உடைகிறது' என்று வந்ததெல்லாம் என் பங்கில் போடுங்கள். புது வெர்ஷனில் செய்து பார்த்துவிட்டு, வரவில்லை என்றால் கோப்பு கேட்டு எழுதுவேன். கேட்காமல் ஒன்றையும் மூட மாட்டேன்.