மறு: ஜமைக்காவின் ரெகே இசையில் வரும் 'ரிடிம்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'தாளம்' என்றே விட்டுவிடலாமே? ரிதம் என்ற சொல்லின் ஜமைக்கா உச்சரிப்புதானே ரிடிம்.

சொல் அங்கிருந்துதான் வந்தது ஐயா, பொருள் நகர்ந்துவிட்டது. கிங்ஸ்டன் ஸ்டுடியோக்காரர்களுக்கு ரிடிம் என்பது டிரம், பேஸ் கிட்டாரின் நடை, நடுநடுவே வெட்டி விழும் கீபோர்டு எல்லாம் சேர்ந்தது. அதிலும் பேஸ்தான் முகம். ஒவ்வொரு ரிடிமுக்கும் தனிப் பெயர் உண்டு.

1973-இல் வின்ஸ்டன் ரைலி தயாரித்த அன்செல் காலின்ஸின் 'ஸ்டாலக் 17' வெறும் வாத்திய இசை. அதே ரிடிமில் 1982-இல் சிஸ்டர் நான்சி 'பாம் பாம்' பாடினார், 1985-இல் டெனர் சா 'ரிங் தி அலாரம்' பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கீழே அதே பேஸ் நடை. மேலே வரியும் வேறு, மெட்டும் வேறு.

> அப்படியானால் 'மெட்டு'? காவடிச் சிந்து மெட்டில் எத்தனை பாட்டு இருக்கிறது!

இங்கேதான் கதை தலைகீழ். நாம் மெட்டை வைத்துக்கொண்டு வரியை மாற்றுகிறோம். அவர்கள் மெட்டையும் மாற்றிவிட்டு, அடியில் ஓடுவதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 'சந்தம்' சொல்லோடு ஒட்டியது, உதவாது. 'பின்னணி இசை'யைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'அடித்தளம்' என்று நானே எழுதிப் பார்த்தேன்; கொத்தனார் ஞாபகம் வருகிறது.

என் பரிந்துரை 'பாவு'. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். ஒரே பாவில் இரண்டு மூன்று சேலை நெய்வார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை மாற்றினால் சேலையின் சாயலே மாறிவிடும். ரிடிம் பாவு, பாடகர் ஊடை. ஒரே ரிடிமில் பலர் பாடிய தொகுப்பு 'ஒருபாவுத் தொகுப்பு'.

---

> என் பரிந்துரை 'பாவு'.

தறி வரைக்கும் சரி. ஆனால் எங்கள் வீட்டில் பாவு என்றால் அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சுவது! ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் செய்த ஒரு ரிடிமுக்குப் பெயரே 'தீவாளி'. ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' இரண்டிலும் தடதடவென்று ஒரே கைதட்டல் கேட்குமே, அதுதான். 'கெட் பிஸி' 2003-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதைத் 'தீபாவளிப் பாவு' என்று எழுதினால் படிப்பவர் பாகுபதம் கேட்பார். 'இசைப்பாவு' என்றாவது வையுங்கள்.

---

அதிரசத்தை யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். முதல்முறை 'இசைப்பாவு', அப்புறம் இடம் பார்த்துப் 'பாவு' என்று வைத்துக்கொள்ளலாம்.

'வெர்ஷன்' பாக்கி இருக்கிறது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் அதே பாட்டைக் குரல் நீக்கிப் போடுவார்களே, அது. ஊடையை உருவிவிட்டுப் பாவை மட்டும் தறியில் விட்டுவைப்பதற்கு நெசவாளர் பேச்சில் ஏதாவது சொல் இருக்கிறதா? நெசவுக் குடும்பத்தார் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.