அம்மாவின் கைரேகையும் குரலும் கைப்பேசிக்குப் பிடிபடவில்லை, உதவுங்கள்

பிறைவாசி:
வணக்கம். மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். போன மாதம் வாங்கிக் கொடுத்த புதுக் கைப்பேசியில் பத்துத் தடவை விரல் வைத்தால் ஒரு தடவைதான் திறக்கிறது. சரி, குரலால் கூப்பிடட்டும் என்று பார்த்தால், கைப்பேசியை விழிக்கவைக்கும் அந்த ஆங்கிலச் சொல்லை அம்மா கடைசியில் ஓர் உகரம் சேர்த்துச் சொல்கிறார். அது கண்டுகொள்வதே இல்லை. தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது மட்டும் தானாக விழித்துக்கொள்கிறது! மைகார்டு (அடையாள அட்டை) சரிபார்ப்பில் கட்டைவிரல் படியவில்லை என்று வங்கியிலும் ஒருமுறை அரை மணி நேரம் நின்றவர் அவர். "என் விரல்லதான் கோளாறு, பழைய போனையே குடு" என்கிறார். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர். அவசரத்துக்கு என்னைக் கூப்பிட முடியவேண்டும், அதுதான் என் கவலை.

ஆயர்ஈத்தாம்:
ரேகை படிக்கும் இடம் எங்கே இருக்கிறது? திரையிலா, பக்கவாட்டுப் பொத்தானிலா? திரை என்றால் மேலே ஒட்டிய கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

பிறைவாசி:
பக்கவாட்டுப் பொத்தான், அண்ணா.

பாயான்லெப்பாஸ்:
எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பக்கவாட்டுப் பொத்தானில் பெரும்பாலும் மின்தேக்க முறைதான். ரேகையின் மேடு தொடும் இடத்துக்கும் பள்ளத்தில் காற்று நிற்கும் இடத்துக்கும் உள்ள மின்னேற்ற வேறுபாட்டை அது அளக்கிறது. மேடு தேய்ந்து தோலும் வறண்டிருந்தால் வேறுபாடு குறையும். பொத்தானும் ஒல்லியானது, விரலில் ஒரு கீற்றைத்தான் பார்க்கும். அதனால் இரவில் கைக்கு எண்ணெய் தடவச் சொல்லி, காலையில் துடைத்துவிட்டுப் பதியுங்கள். கத்தி பிடிக்காத கையின் மோதிர விரலில் ரேகை மிஞ்சியிருக்கும். அதே விரலை வேறு வேறு பெயரில் இரண்டு முறை பதியலாம். முக்கியமாக, அம்மா கைப்பேசியை எப்படிப் பிடிப்பாரோ அதே பிடியில் பதியவேண்டும்.

குரலுக்கு வருவோம். நாம் பேசுவதை எல்லாம் எந்நேரமும் அலசினால் பேட்டரி தாங்காது. ஆகவே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஒரு சிறு பகுதி அந்த ஒரே சொல்லுக்காகக் காத்திருக்கும். ஒலி எவ்வளவு ஒத்திருந்தால் விழிப்பது என்று ஓர் எல்லை வைத்திருப்பார்கள். எல்லையைத் தளர்த்தினால் நாடக வசனத்துக்கும் விழிக்கும், இறுக்கினால் அம்மாவையும் தள்ளிவிடும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் மோசர் குடும்பத்தார் 1994இல் தொடங்கிய சென்சரி போன்ற நிறுவனங்கள் இந்த எல்லையோடுதான் வருடக்கணக்காக மல்லுக்கட்டுகின்றன. அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஃபாரஸ்ட் மோசர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1970களில் பார்வையற்றோருக்காக வந்த பேசும் கணிப்பானில் இருந்தது அவர் கண்டுபிடித்த குரல் முறை. முடியாதவர்களுக்கு உதவத்தான் இந்தத் தொழில்நுட்பம், உங்கள் அம்மாவுக்கும் அது உதவியாகவேண்டும்.

ஒரு கேள்வி: குரல் மாதிரியை யார் பதிந்தது?

பிறைவாசி:
நான்தான் சொல்லிப் பதிந்தேன். அம்மா அப்போது சமையலில் இருந்தார்.

பாயான்லெப்பாஸ்:
அப்படியானால் அது உங்கள் குரலைத்தான் தேடுகிறது. அழித்துவிட்டு, விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தி, அம்மாவே பதியட்டும். உகரத்தைத் திருத்தாதீர்கள். எப்படிச் சொல்ல வருகிறதோ அப்படியே சொல்லட்டும்.

தோட்டத்துமகள்:
என் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான், படிக்கும்போதே நெஞ்சு கனத்தது. ரேகை படிந்தாலும் கைப்பேசியை நிறுத்திப் போட்டால் பின் (PIN) எண் கேட்கும். ஆண்ட்ராய்டில் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கேட்கத்தான் செய்யும். அவருக்கு மறக்காத எண்ணாக வையுங்கள், பிறந்த தேதி வேண்டாம். முன்கேமராவை மட்டும் நம்பும் முகத்திறப்பு சில கைப்பேசிகளில் புகைப்படத்துக்கே திறந்துவிடும், வங்கிச் செயலி இருந்தால் அதைத் தவிருங்கள். அவசரத் தொடர்பில் உங்கள் எண்ணைச் சேர்த்தால் பூட்டைத் திறக்காமலே கூப்பிடலாம். கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் (மலேசியா) என்றே ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுக்கொடுங்கள்.

பிறைவாசி:
ஐந்து நாள் ஆயிற்று. இடது மோதிர விரல் பத்துக்கு ஏழு தடவை திறக்கிறது. வலது கட்டைவிரல் இன்னும் படியவில்லை, விட்டுவிட்டேன். கூப்பிட்டால் விழிக்கிறது, உகரத்தோடுதான். பின் எண்ணாகத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டு எண்ணையும் வேலைக்காலத்துப் பழைய கணக்கு எண்ணையும் சேர்த்து அவரே சொன்னார். நேற்று மதியம் வேலையில் இருந்தபோது அழைப்பு வந்தது. பதறிப்போய் எடுத்தேன். "சும்மாதான்டா, வருதான்னு பாத்தேன்" என்றார்.