புதுப்பிப்பு: நாகேஷ் நடிப்பு வரிசை முடிந்தது

நடிகர் நாகேஷின் சிறந்த ஐந்து வேடங்களை வரிசைப்படுத்த முடியாமல், போன மாதம் இங்கே யோசனை கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"சிரிப்புப் படங்களை ஒதுக்கிவிட்டு முதலில் 'எதிர்நீச்சல்' (1968) பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு எல்லா வீட்டு வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யும் மாது, என் பட்டியலில் முதலிடம். இரண்டாவது 'சர்வர் சுந்தரம்' (1964). 'திருவிளையாடல்' படத்தின் ஏழைப் புலவர் தருமி மூன்றாவது. கோயிலில் தனியாகப் புலம்பும் அந்தக் காட்சியை நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். குரல் ஏறி இறங்கும்போது தோளும் கூடவே ஏறி இறங்குகிறது. நான்காவது 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி.

எதிர்பாராதது ஐந்தாவது இடம். 'காதலிக்க நேரமில்லை' செல்லப்பாவுக்கு என்று வைத்திருந்தேன். அப்புறம் 'நம்மவர்' (1994) பார்த்தேன். மகளை இழந்த அப்பாவாக அவர் உடைந்துபோகும் இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. செல்லப்பா ஆறாவது.

அதே வருடம் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாகவே நடித்திருப்பார். அதை எந்த இடத்திலும் வைக்கத் தெரியாமல் தனியே எழுதி வைத்திருக்கிறேன்.