கொயோட்டி அழைப்பு வேட்டைப் போட்டிகள்: புதிதாகச் செல்வோருக்கு எங்கள் அனுபவங்கள்

மிட்லண்ட், டெக்சாஸ்

மேற்கு டெக்சாஸில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஏதேனும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், சிற்றூர் ஒன்றின் கண்காட்சித் திடலில் கூண்டும் உயர்இருக்கையும் பொருத்திய பிக்கப் வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டால், அங்கே அழைப்பு வேட்டைப் போட்டி ஒன்று தொடங்கப்போகிறது என்று கொள்ளலாம். அடிபட்ட முயலின் அலறலைப் போன்ற ஒலியை எழுப்பி, கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்கக் காட்டு நாயினம்), பாப்கேட் (குட்டைவால் காட்டுப்பூனை), சாம்பல் நரி ஆகிய ஊனுண்ணிகளைத் துப்பாக்கி எட்டும் தொலைவுக்கு வரவழைத்துச் சுடுவதும், குறித்த நேரத்துக்குள் அவற்றைக் கொண்டுவந்து எண்ணிக்கையையோ எடையையோ காட்டிப் பரிசு பெறுவதுமே இதன் சாரம். சான் ஆஞ்சலோவை மையமாகக் கொண்டு நடக்கும் பெரிய பாப்கேட் போட்டியில், மிகுந்த எடையுள்ள ஒரே ஒரு பாப்கேட்டுக்குப் பல்லாயிரம் டாலர் கிடைக்கும். நான் பார்த்தவை அவ்வளவு பெரியவை அல்ல. என்னுடன் எண்ணெய் வயலில் பணிபுரியும் இருவர் சிறு போட்டிகளில் அணியாகப் பங்கேற்பவர்கள். அவர்களுக்கு வண்டி ஓட்டவும் கணக்கு எழுதவும் துணையாகச் சென்றதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே பகிர்கிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி, எந்த ஊதுகருவி என்ற கேள்வியோடு வருகிறார்கள். என் பார்வையில், அவர்கள் முதலில் படிக்கவேண்டியது அச்சிட்ட விதித்தாளை. பந்தயம் முழுவதும் யாருடைய கண்ணிலும் படாத ஏதோ ஒரு பண்ணை மூலையில், இருளிலும் விடியலிலும் நடக்கிறது, நடுவர் எவரும் உடன் வருவதில்லை, பரிசோ ரொக்கம். ஆகவே விதிகள் எல்லாமே ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய தேவை எழாதபடி வகுக்கப்பட்டவை. நான் சென்ற போட்டியில் வெள்ளிக்கிழமை மாலை நடக்கும் விதிக் கூட்டத்துக்கு அணியினர் அனைவரும் வந்தாகவேண்டும். அங்கே அணி எண் பொறித்த சிறு மரக்கட்டைகளும் அட்டைகளும் வழங்கப்பட்டன. சுட்ட விலங்கின் வாயில் உடனடியாகக் கட்டையை வைத்துக் கட்டி, சுட்ட நேரத்தை அட்டையில் எழுதி இணைக்கவேண்டும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துவிடுவதால், முந்தைய நாளே சுட்டு மறைத்து வைத்திருந்த விலங்கின் தாடைக்குள் கட்டையைப் பின்னர் நுழைப்பது எளிதன்று. அதையும் மீறி ஐயம் எழுந்தால், நடுவர் உடலின் வெப்பநிலையை அளந்து, எழுதிய நேரத்தோடு ஒப்பிடுகிறார்.

ஒருமுறை என் கண்ணெதிரிலேயே அவ்வாறு நடந்தது. நான்கு கொயோட்டிகளைக் கொண்டுவந்த அணியினர், நான்கையும் விடியலுக்குப் பின் சுட்டதாக எழுதியிருந்தார்கள். நடுவர் மூன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நான்காவதன் பின்னங்காலை மடக்க முயன்றபோது அது அசையவில்லை. அவர் குரலை உயர்த்தவுமில்லை, குற்றம் சாட்டவுமில்லை. வெப்பமானியை எடுத்து வரச் சொன்னார். அணித் தலைவர் அதற்குள் அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து தாமே விலக்கிக்கொள்வதாகச் சொல்ல, விதிப்படி முழு அணியுமே தகுதி இழந்தது. இன்னொரு சமயம், விலங்குகளைக் கொண்டுவந்து காட்டும் செக்-இன் நேரம் முடிந்து கதவு சாத்தப்பட்ட சற்று நேரத்துக்குப் பின் வந்த வண்டியில் வெற்றி எண்ணிக்கைக்கு மேலாகவே விலங்குகள் கிடந்தன. சக்கரம் பழுதானதற்கான சான்றை அவர்கள் காட்டினார்கள், எவரும் மறுக்கவில்லை, ஆனால் ஏற்கவும் இல்லை.

வென்றவர்கள் பரிசு பெறுமுன் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பரிசுப் போட்டிகளில் வழக்கமானது. நுழைவுக் கட்டணத்தைத் தவிர, மிகப்பெரிய கொயோட்டி, மிகச்சிறிய கொயோட்டி என்று தனித்தனிப் பக்கப் பந்தயங்களும், சில இடங்களில் அணிகளையே ஏலம் எடுக்கும் ‘கல்கத்தா’ என்ற முறையும் உண்டு. முதல் ஆண்டில் இவற்றில் பணம் போடாமல் இருப்பதே நன்று என்பேன்.

ஸ்காட்ஸ்பிளஃப், நெப்ராஸ்கா

முந்தைய பதிவை எழுதிய நண்பர் திடலில் நடப்பதை விளக்கிவிட்டார். நிலத்தில் நடப்பதை நான் சொல்கிறேன். இங்குள்ளவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து ஒருமுறை அழைத்துப் பார்ப்பதை ஒரு ஸ்டாண்ட் என்கிறார்கள். கொயோட்டிக்கு ஒரு ஸ்டாண்ட் பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். பாப்கேட் பூனைக்கே உரிய தயக்கத்தோடு நின்று நின்று வருவதால் அரை மணிக்கும் மேல் பொறுத்திருக்கவேண்டும். போட்டி நாளில் ஒரு மைல் அல்லது அதற்கும் மேலான இடைவெளியில் ஸ்டாண்டுக்குப் பின் ஸ்டாண்டாக மாறிக்கொண்டே இருப்பார்கள். எனவே எத்தனை பண்ணை உரிமையாளர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்கிறீர்கள் என்பது, எவ்வளவு திறமையாக ஊதுகிறீர்கள் என்பதைவிடப் பெரிய காரணமாகிவிடுகிறது. இங்கே முன்வரிசையில் வரும் அணிகள் போட்டிக்கு முந்தைய இரவுகளில் சாலையோரம் நின்று ஊளையொலி எழுப்பி, எந்தத் திசையிலிருந்து பதில் வருகிறது என்று வரைபடத்தில் குறித்து வைத்திருப்பவர்கள்.

அதன் பிறகு எல்லாம் காற்றுதான். கொயோட்டி ஒலியைக் கேட்டு ஓடி வந்தாலும், இறுதியில் தன் மூக்கையே நம்பும். ஆதலால் ஒலி வரும் இடத்தைச் சுற்றி வளைந்து, காற்று தன் முகத்தில் அடிக்கும் பக்கத்துக்கு வந்து மோப்பம் பிடிக்க முயலும். வண்டியை மேட்டின் பின்னே மறைத்து நிறுத்தி, கதவை ஓசையின்றிச் சாத்தி, காற்றுக்கு எதிராகவோ குறுக்காகவோ நடந்து சென்று, சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு அமரவேண்டும். தொலைவிலிருந்து இயக்கும் மின்னணு அழைப்பானை முப்பது நாற்பது கெஜம் தள்ளி வைத்தால், வரும் விலங்கின் கவனம் அதன்மீது இருக்கும், உங்கள்மீது இராது. இருவர் அணியில் ஒருவர் ரைபிளோடு முன்பக்கத்தைப் பார்க்க, மற்றவர் பல சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்னோடு காற்று போய்ச்சேரும் பக்கத்தைக் காக்கவேண்டும்.

மணல்மேட்டுப் பகுதியில் ஒரு பிப்ரவரிக் காலையில் இதன் பயனைக் கண்டேன். பெருமுயலின் அலறல் தொடங்கிய சில நிமிடங்களில், எதிர்ச்சரிவில் ஒரு கொயோட்டி தோன்றி நேராக இறங்கி வந்தது. நாங்கள் அனைவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, காற்றுப்பக்கம் அமர்ந்திருந்தவர் மட்டும் தலையைத் திருப்பவில்லை. அதன் இணை, கண்ணுக்கெட்டாத தாழ்வான ஓடைப்பள்ளம் வழியாகச் சுற்றி, அவருக்கு இருபது கெஜத்துக்குள் வந்துவிட்டிருந்தது. அது இனச்சேர்க்கைக் காலம் என்பதால் கொயோட்டிகள் இணையாகத் திரியும். ஒன்றைக் கண்டவுடன் மற்றொன்று இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. ஒன்றைச் சுட்ட பின்னும் எழுந்துவிடாமல், குட்டியின் வலியொலிக்கு மாற்றிச் சில நிமிடம் காத்திருப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

இன்னொரு சந்திப்பைத்தான் புதியவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், அந்தி வேளையில், வீட்டுப் பூனையின் அளவே இருந்த வெளிர்நிற நரியொன்று அழைப்பானை நோக்கித் துள்ளி ஓடிவந்து, அதன்மேல் ஏறி நின்றது. என்னுடன் வந்த இளைஞர் விரலை விசையில் வைத்துவிட்டார். மூத்தவர் அவருடைய குழலைக் கையால் தாழ்த்தினார். வால்நுனி கறுப்பாக இருந்தது. அது ஸ்விஃப்ட் நரி, நெப்ராஸ்காவில் அழிநிலைப் பட்டியலில் காக்கப்படும் விலங்கு. செந்நரியின் வால்நுனி வெண்மையானது. கொயோட்டியை ஆண்டு முழுவதும் சுடலாம் என்றிருக்கும் மாநிலத்தில், அதே அழைப்பொலிக்கு அதே புதரிலிருந்து சட்டம் காக்கும் விலங்கும் வரக்கூடும் என்பதைப் புதியவர் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. போட்டியின் அவசரம் இந்த நிதானத்துக்கு நேர் எதிரி.

ஸ்டேட் காலேஜ், பென்சில்வேனியா

கிழக்கே நிலைமை வேறு என்பதால் சுருக்கமாக ஒரு குறிப்பு. கிளியர்ஃபீல்ட் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) ஃப்ரெஞ்ச்வில்லில் மஸ்கீட்டோ கிரீக் வேட்டையாளர் சங்கம் பிப்ரவரிதோறும் நடத்தும் போட்டியில் ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்கிறார்கள். அங்கே எண்ணிக்கையைவிட எடைக்கே மதிப்பு. இங்குள்ள கொயோட்டிகளின் மரபில் ஓநாயின் கலப்பு உண்டு; மேற்கத்தியவை பெரும்பாலும் முப்பது பவுண்டை ஒட்டி நிற்க, இவற்றில் நாற்பதைத் தாண்டியவை அரிதல்ல. அழைப்பை மட்டும் நம்பிச் செல்பவர், பனியில் தடம் பிடிக்கும் வேட்டைநாய்களோடு வருபவர்களோடும், இரை வைத்துக் காத்திருப்பவர்களோடும் மோதவேண்டியிருக்கும். முன்னாள் நிலக்கரிச் சுரங்கம் மூடிப் புல் வளர்ந்த திறந்தவெளியொன்றின் ஓரத்தில் நாங்கள் உறைந்துபோய் அமர்ந்து அழைத்தும் எதுவும் வரவில்லை என்று எண்ணி எழுந்தபோது, நாங்கள் நடந்துவந்த தடத்தைக் குறுக்கே கடந்து புதிய கொயோட்டித் தடம் ஒன்று இருந்தது. பின்னாலிருந்த அடர்காட்டுக்குள் வந்து, எங்களை முகர்ந்து, திரும்பிப் போயிருக்கிறது. சமவெளியில் வளைந்து வரும் விலங்கைக் காணலாம். இங்கே தடத்தை மட்டுமே காணலாம்.

அல்புகர்க்கி, நியூ மெக்சிகோ

மற்றவர்கள் எழுதியவற்றை மறுக்க நான் வரவில்லை. ஆனால் புதியவர் எவரும் வண்டியில் ஏறுமுன், தாம் செல்லும் மாநிலத்தில் இப்போட்டி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். கலிபோர்னியாவில், மோடாக் கவுண்டிப் போட்டியொன்று எழுப்பிய எதிர்ப்பைத் தொடர்ந்து, 2014 டிசம்பரில் பரிசுக்காக ஊனுண்ணிகளைக் கொல்வதற்குத் தடை வந்தது. வெர்மான்ட் 2018இலும், எங்கள் நியூ மெக்சிகோ 2019இலும், அதே ஆண்டில் அரிசோனாவும் மாசசூசெட்ஸும், 2020இல் கொலராடோவும் வாஷிங்டனும், 2021இல் மேரிலாந்தும், 2023இல் ஆரிகனும் நியூயார்க்கும் தடை விதித்தன. எங்கள் மாநிலத்தில் கொயோட்டிப் போட்டியை நடத்துவது மட்டுமன்றி, பங்கேற்பதும் குற்றம். தனியாகச் சென்று கொயோட்டியை அழைத்துச் சுடுவதை இச்சட்டம் தடுக்கவில்லை. பரிசுக்காகச் செய்வதையே தடுக்கிறது.

தடைக்கு முன்னர், அண்டை வீட்டுக்காரரோடு நான் ஒரு போட்டியின் எடைபோடும் நிகழ்வுக்குச் சென்றிருக்கிறேன். கன்றுகளையும் மான்குட்டிகளையும் காப்பாற்றுகிறோம் என்று அங்கே ஒருவர் விளக்கினார். அவர் நல்ல மனிதர். கன்று இழந்த வருத்தமும் உண்மையானது. ஆயினும் அக்காரணம் போட்டிக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆட்டுப்பட்டிக்கு வந்து பழகிய குறிப்பிட்ட கொயோட்டியைத் தேடிச் சுடுவது ஒன்று; எந்தக் கன்றையும் தொடாத, தொலைவான மேய்ச்சல் நிலத்துக் கொயோட்டிகளை எண்ணிக்கைக்காக அழைத்துச் சுடுவது வேறு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1975இல் வெளியான கணிப்பின்படி, ஆண்டுதோறும் முக்கால் பங்கு கொயோட்டிகளை அகற்றினாலும் அவை முற்றிலும் மறைய ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு வார இறுதியில் ஒரு கவுண்டியில் சில டஜன்களை அகற்றுவதால் ஏற்படும் வெற்றிடத்தை, அடுத்த குளிர்காலத்துக்குள் இடம் தேடி அலையும் இளம் கொயோட்டிகள் நிரப்பிவிடும். விளையாட்டுக்காகவும் பந்தயத்துக்காகவும் செய்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்பவர்களோடு எனக்கு வாதம் குறைவு.

தோலுக்கும் இப்போது மதிப்பில்லை. முன்பெல்லாம் போட்டித் திடலுக்கே தோல் வணிகர் வருவார். மேலங்கிக் கழுத்துப்பட்டிக்குக் கொயோட்டித் தோலைப் பெருமளவில் பயன்படுத்திவந்த கனடா கூஸ் நிறுவனம், தோல் வாங்குவதை நிறுத்துவதாக 2021இல் அறிவித்த பின் சந்தை மேலும் தளர்ந்தது. எடைபோட்ட பிறகு அந்த உடல்கள் எங்கே போகின்றன என்பதை, பதிவுக் கட்டணம் செலுத்துமுன் அமைப்பாளரிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லாத போட்டிக்குப் போகாதீர்கள். பாலைநிலத்தில் கொட்டப்பட்ட உடல்களின் படங்கள் மக்களிடம் எழுப்பிய சினத்துக்குத் தடைச் சட்டங்களில் பெரும் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

மிட்லண்ட், டெக்சாஸ்

அல்புகர்க்கி நண்பரின் கடைசிக் கேள்வியை நானும் எங்கள் அணியினரிடம் கேட்டிருக்கிறேன். சிலர் உரித்துப் பதப்படுத்துகிறார்கள், பலர் பண்ணையின் பள்ளத்தில் புதைக்கிறார்கள் என்பதே உண்மை. புதியவர்கள் உரிமம் பற்றியும் அறிந்திருக்கவேண்டும்: டெக்சாஸில் வெளிமாநிலத்தவர் தமக்குரிய வேட்டை உரிமத்தை எடுத்தாகவேண்டும். பாப்கேட் தோலை விற்பதாக இருந்தாலும், மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வதாக இருந்தாலும், அதற்குரிய அடையாளப் பட்டையைப் பெறவேண்டும். அவ்விலங்கு, அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) இரண்டாம் பட்டியலில் இருப்பதே காரணம்.

எடைபோட உதவிக்குச் செல்வோருக்கு ஒரு சொல். மேற்கு டெக்சாஸின் சாம்பல் நரிகளிடையே வெறிநோய் பரவியிருந்ததால், 1996 முதல் மாநில அரசு விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைகளைத் தூவி வந்திருக்கிறது. ஆகையால் வாயில் கட்டை வைக்கும்போதும் தாடையைப் பிரிக்கும்போதும் கனமான ரப்பர் கையுறை அணியுங்கள். கையில் கீறல் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, எண்ணிக்கை எழுதும் மேசைக்குச் செல்லுங்கள்.