பாடசாலைக் காட்சிக்கூடம்: எம்டிஎஃப் அலுமாரி சரிவருமா?

கனகராயன்:
கிளிநொச்சியில ஒரு வகுப்பறையைக் காட்சிக்கூடமாக்கிறம். ஓலை ஏடுகள், பழைய சேலை, வெண்கலச் செம்பு, கறுப்பு-சிவப்புப் பானையோடுகள் இருக்கு. அலுமாரிக்கு எம்டிஎஃப் பலகை (மரநாரைப் பசையோட அழுத்திச் செய்யிறது) போதுமெண்டு தச்சர் சொல்லுறார்.

பாலைமரம்:
வேண்டாம். அதிலயிருந்து வாற அமில ஆவி மூடின அலுமாரிக்குள்ள தேங்கி உலோகத்தை அரிக்கும். அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போடுங்கோ. ஏட்டுக்கும் சேலைக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் எல்லை. மங்கின சாயம் திரும்பி வராது. எல்ஈடி விளக்கின்ர டிரைவரை (விளக்குக்கு ஏத்த மின்சாரம் குடுக்கிற சின்னப் பெட்டி) அலுமாரிக்கு வெளியில வையுங்கோ. உள்ளுக்கு இருந்தால் சூட்டோட ஈரப்பதனும் ஏறி இறங்கும், ஏடு நெளியும்.

வவுனிக்குளம்:
செம்பையும் ஏட்டையும் ஒரே அலுமாரியில வைக்காதேங்கோ. செம்புக்கு உலர்ந்த காற்று நல்லது, ஏடு அதில வெடிச்சுப்போம். ஏட்டுக்குச் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சி, திரும்ப விடுற மணி) வைக்கிறதெண்டால் 50 வீத ஈரப்பதனுக்குப் பதப்படுத்தினது, அலுமாரிக்குள்ள ஒரு கன மீற்றர் இடத்துக்கு 20 கிலோ கணக்கு. அலுமாரியைச் சுவரிலயிருந்து ஒரு சாண் தள்ளி, கால் தெரிய நிப்பாட்டுங்கோ. கறையான் மண்கோடு இழுத்தால் உடனே கண்ணில படும்.

கனகராயன்:
விளக்கக் குறிப்பு?

பாலைமரம்:
மூண்டு மொழியும் வேணுமெண்டால் மொழிக்கு 40 சொல், 24 புள்ளி (பொயின்ற்) அளவு எழுத்து, பிள்ளையளுக்கு எட்ட ஒரு மீற்றர் உயரத்தில சாய்வாக. "பழங்காலப் பானை" எண்டு மட்டும் எழுதாதேங்கோ. எந்தக் குளக்கட்டில எடுத்ததெண்டதுதான் முக்கியம்.